முந்நூற்று இருபது பாகை

மாக்ரெட் கைப்பையைத் திறந்து, கண்ணாடி மேசையின்மேல் தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கியதும், ஸஹாப்தீன் நானா பால் விடாத பிளேன்ரீயைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சவர்க்காரப் பெட்டிக்குள் நனைத்து வைத்த பஞ்சு ஒன்று. ஈயக்கம்பிச் சுருள் ஒன்று. மின்சாரம் பார்க்கிற மீற்றர் ஒன்று. யாரோ கழித்துப்போட்ட தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த சேர்க்கிட் போட் துண்டு ஒன்று. கடைசியாக, கைக்குட்டையில் சுற்றிய, உள்ளங்கை அளவான பச்சை போட் இன்னொன்று. மற்றதெல்லாம் வெறும் மேசையில் கிடக்க, இதற்கு மட்டும் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்தாள்.

“தங்கச்சி சாமான் வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?”

“வாங்கத்தான் நானா. ஈயம் வைக்கிற சோல்டரிங் ஸ்ரேஷன் ஒண்டு. ஆனா சும்மா பாத்து வாங்கமாட்டன். வேலை செய்து பாத்துத்தான் வாங்குவன்.”

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவர் ஸஹாப்தீன். அந்தக் கடைக்குப் பெண்கள் வருவதே குறைவு. வந்தாலும் கணவனோ தம்பியோ எழுதிக் கொடுத்த துண்டை நீட்டி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே பழக்க தோஷத்தில், “வீட்டுக்காரர் என்ன நம்பர் எழுதித் தந்தீக்கிறார்?” என்று கேட்டுவைத்தார்.

“வீட்டுக்காரருக்கு பல்ப் மாத்தவே கை நடுங்கும். நீங்க இருக்கிறதை எடுத்து வையுங்க நானா” என்றாள் மாக்ரெட்.

அதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. அவளுடைய கணவன் நோபேட் துறைமுகத்தில் பெட்டிகளின் இலக்கத்தைச் சரிபார்த்து எழுதும் கிளாக்கர். நல்ல மனுஷன், மின்சாரமும் பொலிசும் என்றால் மட்டும் ஆளுக்கு வியர்த்துவிடும். மாக்ரெட்டின் சங்கதி வேறு. பதினொரு வருஷம் கட்டுநாயக்க வலயத்தில் ஒரு தொழிற்சாலையில் ஈயம் வைத்தவள் அவள். முதல் இரண்டு வருஷம் வரிசையில் இருந்தாள். பிறகு திருத்த மேசைக்குத் தூக்கிப் போட்டார்கள். மற்றவர்கள் பிழைவிட்ட போட்டுகள் கூடை கூடையாக அந்த மேசைக்கு வரும். சரியாகித் திரும்பிப் போகும். கண்ட கண்ட ஆட்களுக்குக் கிடைக்கிற மேசை அல்ல அது. தொழிற்சாலை வாசலில், புதிதாகச் சேருகிற பெண்கள் பார்த்துப் படிக்கவென்று இரண்டு போட்டுகளை மாட்டியிருந்தார்கள். ஒன்றின் கீழே ‘பிழை’ என்றும் மற்றதின் கீழே ‘சரி’ என்றும் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ‘சரி’ என்று எழுதியிருந்தது மாக்ரெட்டின் கைவேலை. தொழிற்சாலையை மூடி மெசின்களைக் கப்பலில் ஏற்றிய நாளில், மற்றவர்கள் எல்லாரும் நட்டஈட்டுப் படிவத்துக்கு வரிசையில் நிற்க, இவள் நேரே மேலாளரிடம் போய் அந்தப் போட்டை ‘சரி’ என்ற எழுத்துத் துண்டோடேயே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கலியாணப் படத்தைத்தான் பார்த்தார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

அந்தப் பச்சை போட்தான் இப்போது கைக்குட்டையின்மேல் இருந்தது.

தொழிற்சாலை மூடி ஒன்றரை வருஷம். இந்த ஒன்றரை வருஷமும் அவள் வீட்டில் இருந்து அயலவரின் ரேடியோவையும் சார்ஜரையும் திருத்திக்கொண்டிருந்தாள். போன கிழமைதான் பொரளையில், காது கேளாதவர்கள் மாட்டுகிற காது மெசின் விற்கும் நிலையம் ஒன்றின் உரிமையாளர், கொன்ஸ்ரன்ரைன் என்பவர், யாரோ சொல்லி இவளைக் கூப்பிட்டார். பழுதாகிற மெசின்களை அவர் சிங்கப்பூருக்கு அனுப்பித்தான் திருத்துவித்தார். போய்வர இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் மெசின்காரர் ஒன்றும் கேளாமல் இருக்க வேண்டியதுதான். அவர் ஆறு மெசின்களைச் சின்னச் சின்னக் கடித உறைகளில் போட்டு இவள் கையில் கொடுத்தார். “திங்கட்கிழமை காலமை ஆறும் வேலை செய்யோணும். செய்தா, இந்த இடத்துத் திருத்த வேலை முழுக்க உங்களுக்குத்தான். ஆனா நேரே பிளக்கில குத்துற சோல்டரிங் அயர்னோட என்ர மெசினில கை வைக்க வேண்டாம்” என்றார்.

அவர் சொன்னது நியாயம் என்று மாக்ரெட்டுக்குத் தெரியும். காது மெசினுக்குள் இருக்கிற கம்பி தலைமயிரைவிட மெல்லியது. வீட்டிலிருந்த பழைய அயர்ன் தன்பாட்டில் கண்மண் தெரியாமல் சூடேறும். தொட்டால் கம்பியோடு சேர்த்து அடியில் இருக்கும் செப்பையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். சூட்டைச் சொல்லி வைத்தால் சொன்ன இடத்தில் நிற்கிற சாமான் வேண்டும். அன்று வியாழக்கிழமை. இடையில் மூன்று நாள்தான் இருந்தது.

ஸஹாப்தீன் மூன்று பெட்டிகளை இறக்கினார். சூடான காற்று ஊதும் குழாயும் சேர்ந்த பெரிய பெட்டியை அவள் முதலிலேயே ஒதுக்கிவிட்டாள். மிஞ்சியது இரண்டு. ஒன்றில் சூட்டைக் கூட்டிக் குறைக்க, பாகை எழுதிய வட்டமான குமிழ் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். மற்றதில் பொத்தான்கள் இருந்தன. சூடு எவ்வளவு என்று முகப்பில் சிவப்பு இலக்கத்தில் காட்டியது.

அவள் முதலில் இலக்கத்தையும் பார்க்கவில்லை, குமிழையும் பார்க்கவில்லை. கைபிடியிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். வயர் விறைப்பாக இருந்தால் கை போகிற இடத்துக்கு முனை போகாது. வயர் இழுக்கிற இடத்துக்குத்தான் போகும். இரண்டும் இளக்கமாகத்தான் இருந்தன. பிறகு மீற்றரின் ஒரு காலை அயர்ன் முனையிலும் மறு காலைப் பிளக்கின் நில ஊசியிலும் வைத்து நிலத்தொடுப்புச் சரியா என்று பார்த்தாள். அதிலும் இரண்டிலும் பிழை இருக்கவில்லை. “மாற்று முனை பிறகு வந்தாலும் கிடைக்குமா?” என்று கேட்டாள். கிடைக்கும் என்றார். “வேற இடத்தில வாங்கச் சொல்லமாட்டீங்களே?” என்று திரும்பவும் கேட்டாள். ஸஹாப்தீன் சிரித்துவிட்டார்.

பிறகு இரண்டையும் பிளக்கில் குத்தச் சொல்லி, முந்நூற்று இருபது பாகையில் வைத்தாள். தொலைக்காட்சிப் போட்டில் செப்புத் தகடு தடிப்பாக இருந்த இடத்தைத் தெரிந்தெடுத்து, மூச்சு விடுகிற இடைவெளிகூடக் கொடாமல் பத்துப் பொட்டு ஈயம் வைக்கத் தொடங்கினாள். தடித்த செப்பு முனையின் சூட்டை உறிஞ்சிக் குடித்துவிடும். குடித்த சூட்டைப் பெட்டி உடனே திருப்பிக் கொடுக்கிறதா இல்லையா என்பதில்தான் சாமானின் குணம் இருக்கிறது. குமிழ் வைத்தது மூன்று பொட்டு வரை நன்றாகப் பளபளத்தது. ஐந்தாவது மங்கியது. ஏழாவது ஆறிப்போன கஞ்சிபோல் திரண்டு நின்றது. அவள் முனையைப் பஞ்சில் துடைத்தபோது சத்தமும் சோர்ந்துதான் கேட்டது.

சிவப்பு இலக்கக்காரனை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இலக்கம் முந்நூற்றுப் பதினொன்றுக்கு இறங்கி, அவள் அடுத்த பொட்டுக்குப் போகுமுன் முந்நூற்று இருபதுக்கு ஏறிவிட்டது. பத்தாவது வரை அப்படியே. இறங்கினதை ஒளிக்காமல் சொன்னது, சொல்லிவிட்டு ஏறியது. மாக்ரெட்டுக்கு அந்தக் குணம் பிடித்துப்போயிற்று. பத்துப் பொட்டுகளையும் கைக்குட்டையில் இருந்த பச்சை போட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு தன் கையைத் தானே பார்த்த சந்தோஷம் வந்தது. கை மறக்கவில்லை. சாமான்தான் இல்லாமல் இருந்தது.

ஸஹாப்தீன் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நான் யாவாரி. விலை கூடினதைத்தான் விக்கப் பாக்கோணும். ஆனாலும் செல்றேன், நீங்க குமிழ் வைச்சதைக் கொண்டு போங்க. சிவப்பு இலக்கம் ஓடுற சாமான் உங்கட தமிழ் ஆக்கள்ர வீட்டுல ஈக்கிறது இந்த நாளையில நல்லமில்ல. பாக்கிறவனுக்கு அது வேற என்னமோவாத் தெரியும்.”

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்தம் நடந்த காலம். அவள் குடியிருந்த கொட்டாஞ்சேனையில் எந்த நேரத்தில் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துச் சோதனை போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மணிக்கூடு, டோர்ச், செத்துப்போன பற்றரி, எல்லாவற்றுக்கும் கேள்வி இருந்தது. அதற்கு முந்திய வருஷம் நோபேட்டைப் பொலிஸ் பதிவுப் பத்திரத்தில் ஏதோ எழுத்துப் பிழை என்று கொண்டுபோய், இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். மாக்ரெட் இதையெல்லாம் நினைத்தாள். பயமில்லை என்று சொன்னால் பொய். அவளுடைய விரல் குமிழ் வைத்த பெட்டியின்மேல் போய்க்கூட இருந்தது. அப்போது அந்த ஏழாவது பொட்டு கண்ணில் பட்டது.

“இல்லை நானா. ஏழாவதில பேய்க்காட்டி ஏமாத்துற சாமானைக் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது? இலக்கக்காரனையே தாங்க. பில்லில என்ர முழுப் பெயரும், ஐடென்டி நம்பரும், அட்ரஸும் எழுதுங்க. காது மெசின் திருத்துறதுக்கு எண்டு சிங்களத்தில எழுதிச் சீலும் குத்துங்க.”

ஸஹாப்தீன் எழுதினார். எழுதி முடித்து, கேளாமலே இரண்டு மாற்று முனைகளையும் பெட்டிக்குள் போட்டார்.

ஜெம்பட்டா வீதிச் சோதனைச் சாவடியில் அவர்கள் கேட்பதற்கு முன்னமே பெட்டியைத் திறந்து பில்லையும் நீட்டினாள். அங்கே நின்ற பெண் பொலிஸ் பில்லை இரண்டுதரம் வாசித்துவிட்டுப் போகச் சொன்னாள். வீட்டில்தான் பெரிய சோதனை நடந்தது. இலக்கம் சிவப்பாக எரிந்ததைக் கண்டதும் நோபேட் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான்.

“மாக்ரெட், உனக்கு விசரா? கடை முழுக்க இதைவிட்டா வேற சாமான் இல்லையா?”

“இருந்தது. சரியில்லை.”

“இதைக் கண்டா என்னைத்தானே கொண்டுபோவாங்கள்? உன்னையா கொண்டுபோவாங்கள்?”

அவள் பில்லை எடுத்து, கதவுக்குப் பின்னால் குத்தியிருந்த வீட்டுப் பதிவுப் பத்திரத்தோடு சேர்த்துக் குத்தினாள். அன்று இரவு அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாள். அவன் சாப்பிட்டான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

வெள்ளியும் சனியும் அவள் தலை நிமிரவில்லை. உறை உறையாகப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, அறுந்த கம்பிகளை ஒட்டினாள். காது மெசின் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுகமான வழி உண்டு. பற்றரியைப் போட்டு, மெசினை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடவேண்டும். உயிர் இருந்தால் கைக்குள் இருந்து கீச்சென்று ஒரு விசில் வரும். சனிக்கிழமை பின்னேரத்துக்குள் ஐந்து மெசின்கள் விசிலடித்துவிட்டன. ஐந்தாவது விசிலுக்கு நோபேட் பேப்பரைத் தாழ்த்திவிட்டு எட்டிப் பார்த்தான். “இந்த மெசின்காரர் இனிக் கேப்பாரா?” என்றான். இரண்டு நாளில் அவன் கதைத்த முதல் வார்த்தை அது. “கேப்பார்” என்றாள் அவள். ஆறாவது உறையில் இருந்தது மற்றதெல்லாவற்றிலும் சின்னது. ரோஸ் நிறத்தில், யாரோ ஏழெட்டு வயதுப் பிள்ளையின் காதுக்கு வார்த்தது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஆறுதலாக வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலமை முதல் பூசைக்குப் போய்விட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சப்பாத்துச் சத்தம் கேட்டது. பின்னாலேயே முனையை அடைத்துவிட்டார்கள். எட்டு வீடு தள்ளித் தொடங்கியிருந்தது சோதனை. அவள் ஓடாமல், ஆனால் வேகமாக நடந்து வீட்டுக்குள் வந்தாள். மேசை வெறுமையாக இருந்தது. ஸ்ரேஷன் இல்லை. சுவரில் பச்சை போட்டும் இல்லை. அது இருந்த இடம் மட்டும் மற்றச் சுவரைவிட வெளிறித் தெரிந்தது. நோபேட் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, மாதா சுருபம் இருந்த மேடைக்கு முன்னால் நின்றான். மேடையை மூடியிருந்த லேஸ் துணிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு வயர் தொங்கியது.

அந்த ஒழுங்கையில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. சுருபத்தில் கைவைக்க மாட்டார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வெளிநாட்டுக் கடிதம், நகை, பழைய ரேடியோ என்று எல்லாமே மாதாவுக்குப் பின்னால்தான். பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் அக்கா மகனுடைய கடிதங்களை அங்கே வைத்து, போன சோதனையில் அகப்பட்டு, அந்த மகன் கனடாவில் பேக்கரியில் வேலை செய்கிறான் என்பதை விளங்கப்படுத்த அரைநாள் எடுத்தது. இப்போதெல்லாம் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கும்பிட்டுவிட்டு, இரண்டாவதாக அங்கேதான் பார்க்கிறார்கள். இது ஒழுங்கைக்கே தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அங்கேதான் ஒளிக்கிறார்கள்.

“விடு மாக்ரெட்” என்றான் நோபேட். “எடுக்காதே.”

“இஞ்ச பாருங்க. அதுக்குப் பின்னால இருந்து எடுத்தா அது குண்டு. மேசையில இருந்தா அது என்ர தொழில்.”

“சொன்னாக் கேளு மாக்ரெட். அவங்களுக்கு உன்ர தொழில் விளங்காது.”

“விளங்கப்படுத்துவன்.”

அவன் லேஸ் துணியைக் கையால் பொத்திப் பிடித்தான். அவளுக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அவனை அந்த இரண்டு நாளும் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை. அவன் சொன்னதும் இல்லை. அந்தக் கையை ஒரு நிமிஷம் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ர பக்கத்தில இருங்க. நான் கதைக்கிறன்” என்றாள். பிறகு லேஸ் துணியைத் தூக்கி ஸ்ரேஷனை எடுத்தாள். பச்சை போட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள். உருப்பெருக்கி, பஞ்சு, ஈயம், ரோஸ் நிற மெசின் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். புளோறன்ஸ் அக்காவின் வீட்டில் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூசைக்கு உடுத்த சேலையோடேயே கதிரையில் இருந்தாள். வாசலில் நிழல் விழுந்தபோது சுவிச்சைத் தட்டினாள்.

நாலு பேர் வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரிக்கு நரைக்கத் தொடங்கிய மீசை. அவன் மாதாவைப் பார்த்தான், நோபேட்டைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். சிவப்பு இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. எழுபது. தொண்ணூறு. நூற்றிருபது. பின்னால் நின்ற இளம் ஆமிக்காரன் ஒருவன் ஓரடி பின்வாங்கினான். இன்னொருவனின் துவக்கு மெல்ல நிமிர்ந்தது.

“மே மொக்கத்த?” என்றான் அதிகாரி, இலக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இது என்ன என்று.

“மகே றஸ்ஸாவ, சேர்” என்றாள் மாக்ரெட். தன் தொழில் என்று சொல்லிக்கொண்டே ரோஸ் நிற மெசினைத் தொட்டுக் காட்டினாள். தொழிற்சாலையில் பதினொரு வருஷம் பேசிய சிங்களம் வாய்க்குத் தானாக வந்தது. காது மெசின் திருத்துகிறேன் என்றாள். பில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, பெயரும் நம்பரும் சரியா என்று பாருங்கள் என்றாள்.

அவன் பில்லைப் பார்க்கவில்லை. “இந்த இலக்கம் எங்கே போகிறது?” என்று கேட்டான்.

“முந்நூற்று இருபதுக்கு. அங்கே நிற்கும்.”

இருநூற்றுப் பத்து. நோபேட் அவளுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றதை அவள் உணர்ந்தாள். கதிரையின் முதுகை அவன் பிடித்த பிடியில் கதிரை இலேசாக ஆடியது. ஆனால் விடாமல் பிடித்திருந்தான். இருநூற்று எண்பது. முந்நூற்றுப் பத்து. முந்நூற்றுப் பதினேழு. பத்தொன்பது.

முந்நூற்று இருபது.

நின்றது. அவள் எண்ணாமலே அது நிற்குமென்று தெரிந்துதான் இருந்தாள். கடையில் அத்தனை பெட்டிக்குள்ளும் இதைத் தெரிந்தெடுத்தவள் தான் என்ற பெருமை, அந்த இடத்திலும், நாலு துவக்குக்கு முன்னாலும், நெஞ்சை நிறைத்துக்கொண்டு வந்தது.

அதிகாரி சுவரில் இருந்த போட்டைப் பார்த்தான். அதன் கீழே சிங்களத்தில் ‘சரி’ என்று எழுதியிருந்ததை உதடசைத்து வாசித்தான். பிறகு துவக்கைத் தாழ்த்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, “கறலா பென்னன்ன” என்றான், செய்து காட்டு என்று.

மாக்ரெட் முனையைப் பஞ்சில் துடைத்தாள். ஸ்ஸ் என்று சுத்தமான சத்தம் வந்தது. உருப்பெருக்கிக்குக் கீழே குனிந்தாள். அறுந்த கம்பி சூட்டில் ஒருதரம் நெளிந்து, பிறகு தன் இடத்தில் படுத்தது. ஈயம் ஒரு கடுகளவு பளிச்சென்று மின்னியது. மெல்லிய புகை ஒன்று எழும்பி அதிகாரியின் மீசைவரை போய்க் கலைந்தது. அவள் மெசினை மூடி, பற்றரியைப் போட்டு, எழுந்து நின்றாள். ரோஸ் நிற மெசினை உள்ளங்கையில் வைத்து, அதிகாரியின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

அவளுடைய மூடிய கைக்குள் இருந்து, ஒரு சின்ன விசில் கேட்கத் தொடங்கியது.